ஸ எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 24. ஊர் தஞ்சாவூர். பன்னிரண்டு வருஷமாக ஒரே வாத்தியாரிடம் வயலின் கற்றுக்கொண்டு வருகிறேன். வர்ணம், கீர்த்தனை எல்லாம் முடித்து, சுற்று வட்டாரக் கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். பகலில் ஒரு பள்ளியில் வேலை. போன வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். அங்கே கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "உனக்கு கார்ட் தெரியல, நொட்டேஷன் படிக்கத் தெரியல, எல்லாத்துக்கும் கமகம் போட்டுடறே" என்கிறார். எனக்கு மேற்கத்திய வயலின் படிக்க வேண்டும், ஜாஸும் வாசிக்க வேண்டும் என்று ஆசை. வாத்தியாரிடம் ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். "கை கெட்டுப்போயிடும்" என்று முடித்துவிட்டார். இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? கை நிஜமாகவே கெட்டுப்போகுமா? வாத்தியாருக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ளலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குழு அண்ணன் சொன்ன மூன்றுமே சரி. கார்ட், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது, நொட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசை, இந்த இரண்டும் ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். மூன்றாவது கமகம், ஸ்வரத்தை ஆட்டி வாசிப்பது. அதுதான் நாளாகும். நான் அதிலேயே அடிபட்டவன் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போது உங்களைவிட ஒரு வயது கூடுதல். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வயலின் வரிசைக்கு ஓர் ஆள் குறைந்தது என்று கூப்பிட்டார்கள். காதில் ஹெட்போன், அதில் விடாமல் டிக் டிக் என்று தாளம், எதிரே ஸ்டாண்டில் ஒரு தாள். படிக்கத் தெரியாததால் பக்கத்தில் இருந்தவர் வாசித்ததை ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். எட்டே மாத்திரைதான், சுலபம் என்று நினைத்தேன். டேக் நடுவில் நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை அங்கே பொறுப்பாக இருந்தவர் என் பக்கம் வந்து, "நீங்க வில்லை மட்டும் எல்லாரோடயும் சேர்த்து இழுங்க, சத்தம் வர வேண்டாம்" என்றார். நான் வாசித்த காந்தாரம், அதாவது க, ஆடியிருக்கிறது. பதினான்கு வயலினில் பதிமூன்று ஓர் இடத்தில் அசையாமல் நிற்க, என் ஒரு வயலின் அதற்கு மேலே உள்ள மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு வந்திருக்கிறது. ஆட்ட வேண்டும் என்று நான் ஆட்டவில்லை, விரல் தானாக ஆடியது. அன்று ராத்திரி ரயிலில் ஊருக்குத் திரும்பும்போது பட்ட அவமானத்தைவிட அந்த "தானாக" என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. வேறு ஏதோ ஒன்றின் பேச்சைக் கேட்டது.

அந்த வேறு ஏதோ ஒன்றுதான் உங்கள் பன்னிரண்டு வருஷப் படிப்பு. அது பெரிய சொத்து. கமகம் வேண்டும் என்று நினைத்தால் வரவும், வேண்டாம் என்றால் நிற்கவும் தெரிந்துவிட்டால் அந்தச் சொத்துக்கு நீங்கள்தான் எஜமான். மேற்கத்திய வயலின் படிப்பதால் உங்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் பலனே இதுதான். இதற்காக மட்டுமேகூடப் படிக்கலாம்.

இப்போது உங்கள் வாத்தியார் சொன்னதற்கு வருகிறேன். அவருக்கு மேற்கத்திய இசை பிடிக்காது, பழைய காலத்து மனிதர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயப்படுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, அது கையிலும் உண்டு, காதிலும் உண்டு.

கை விஷயம் இப்படி. நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி வைக்கிறோம். வயலின் எங்கும் போகாது. அதனால் இடது கைக்கு அதைத் தாங்குகிற வேலையே இல்லை, கம்பியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்தே ஒரு தோடி ஆலாபனையின் பெரும்பகுதியை முடித்துவிடுகிறோம். அவர்கள் நின்றுகொண்டோ நாற்காலியிலோ, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினை நிறுத்துகிறார்கள். நான்கு விரலும் நான்கு தூண் மாதிரி அதனதன் இடத்தில் விழ வேண்டும். கை மேலே போவதானால் பொசிஷன் என்று கணக்காக, மொத்தக் கையும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும். உங்கள் சுண்டுவிரல் இத்தனை வருஷம் அதிகம் உழைத்திருக்காது. அதற்கு வலு வரவே மூன்று நான்கு மாதம் ஆகும். வில்லும் வேறு. நமக்குப் பாட்டுதான் இலக்கு, அதனால் மூச்சு மாதிரி நீளமாக, இரண்டு கோடியும் தெரியாமல் இழுக்கிறோம். அவர்களுக்கு வில் ஒரு வாய் மாதிரி. வெட்டிப் பேசும், துள்ளும், ஒவ்வொரு சொல்லையும் அழுத்தித் தொடங்கும். ஒவ்வொரு வில்வீச்சுக்கும் தனிப் பெயர் உண்டு, தனிப் பயிற்சி உண்டு.

இந்த இரண்டையும் ஒரே வயலினில், ஒரே உட்காரலில், ஒன்று மாற்றி ஒன்று செய்தால் கை குழம்பத்தான் செய்யும். வாத்தியார் சொல்கிற கெடுதல் அதுதான். தவிர்க்க வழி உண்டு. இன்னொரு வயலின் வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், பழையது கிடைத்தாலும் நல்லதே. நம் வயலின் ஸ ப ஸ ப என்று சேர்ந்திருக்கும். அவர்களுடையது ஜி, டி, ஏ, இ. ஒரே வயலினைக் காலையில் ஒரு சுருதிக்கும் மாலையில் ஒரு சுருதிக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் கம்பி அறும், பிரடை தேயும், குதிரை சாயும். அதையெல்லாம்விட, அந்த இரண்டாவது வயலினை எடுத்துத் தாடையில் வைத்த உடனே கைக்குத் தெரிந்துவிடும், இது வேறு வீடு என்று. முதல் ஆறு மாதம் இரண்டு பயிற்சிக்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் நம்முடையது, வேலை முடிந்து வந்து அது.

காது விஷயம் இன்னும் நுட்பமானது. தம்புரா நன்றாகச் சேர்ந்திருக்கும்போது யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து கேட்கும், கவனித்திருப்பீர்கள். உங்கள் ஸ 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்புராவிலிருந்து எழும் அந்த அந்தர காந்தாரம் உங்கள் ஸ்தாயிக்கு இறக்கினால் சரியாக 300. அதே ஸ வைத்து கீபோர்டில் காந்தாரத்தை அழுத்தினால் 302.4 வரும். கீபோர்டில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஸவிலிருந்து மேல் ஸ வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பாகமாக வெட்டியிருப்பதால் இந்த வித்தியாசம். எந்த ஸ்வரத்தையும் ஸ ஆக வைத்து வாசிக்கலாம் என்ற வசதிக்காக அவர்கள் கொடுத்த விலை அது. 2.4 என்பது காகிதத்தில் ஒன்றுமில்லாத மாதிரி தெரிகிறது. தம்புராவைப் போட்டுவிட்டு கீபோர்டில் அந்தக் காந்தாரத்தை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், காதில் அலை அலையாக அடிக்கும். தினமும் கீபோர்டோடு மட்டும் வாசித்தால் உங்கள் காது அந்த 302.4இலேயே உட்கார்ந்துவிடும். பிறகு சங்கராபரணம் வாசிக்கும்போது வாத்தியார் முகம் சுளிப்பார், உங்களுக்குக் காரணம் புரியாது. நான் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ரெக்கார்டிங் முடித்து வீட்டுக்கு வந்தால் எத்தனை மணியானாலும் பத்து நிமிஷம் தம்புராவைப் போட்டு ஸ, க, ப மூன்றையும் நீளமாக இழுத்துவிட்டுத்தான் வயலினைப் பெட்டியில் வைப்பேன். முப்பது வருஷமாக இதை விட்டதில்லை.

இனி கார்ட். இந்தக் கடிதத்தில் நான் உங்களோடு அதிக நேரம் இருக்க விரும்புவது இங்கேதான்.

நம் இசையில் ஸ ஒரு தரை. கச்சேரி தொடங்கும்போது தம்புரா போட்ட ஸ, மங்களம் பாடும் வரை அங்கேயே இருக்கும். அதன் மேல் நாம் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், திரும்பி வந்தால் அது இருக்கும். உங்களுக்கு மேற்கத்திய இசை அந்நியமாகத் தோன்றுவதற்கு ஸ்டாஃப் நொட்டேஷனோ வேறு பெயர்களோ காரணம் இல்லை. அங்கே தரை நகர்கிறது. அவ்வளவுதான்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் குழு அண்ணனை சி மேஜர் கார்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சி ஸ்வரத்தை, அதாவது ஒரு கட்டை ஸவை, நீளமாக இழுங்கள். நிம்மதியாக இருக்கும். வீட்டில் இருக்கிற மாதிரி. நீங்கள் விரலை அசைக்காமல் அதே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருக்க, அவர் எஃப் மேஜருக்குப் போகட்டும். உங்கள் ஸ்வரம் மாறவில்லை, ஆனால் அதன் முகம் மாறியிருக்கும். இப்போது அது எஃப்-க்குப் பஞ்சமம். நிமிர்ந்து நிற்கும். அடுத்து ஜி மேஜர். அதே ஸ்வரம் இப்போது ஜி-க்கு சுத்த மத்திமம். காது கூசும். ஓர் அரை ஸ்வரம் கீழே இறங்கி காந்தாரத்தில் உட்கார வேண்டும் என்று அதுவே கெஞ்சும். இறங்குங்கள், கூச்சம் போய்விடும். மறுபடி சி மேஜர் வரும்போது ஒரு படி ஏறி ஸவுக்கு வாருங்கள். ஒரே ஸ்வரம் நான்கு நிமிஷத்தில் ஸ, ப, ம என்று மூன்று வேஷம் போட்டுவிட்டது.

உங்களுக்கு இது புதிதா? இல்லை. கிரகபேதம் கேட்டிருக்கிறீர்களே, ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸ ஆக வைத்து இன்னொரு ராகம் காட்டுவது. மோகனத்தின் ரிஷபத்தை ஸ ஆக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. கச்சேரியில் ஒரு பெரிய வித்வான் இரண்டு நிமிஷம் அதைச் செய்துவிட்டுத் திரும்பினால் சபை கைதட்டுகிறது. மேற்கத்திய இசையில் அந்த மாதிரித் தரை மாற்றம் அன்றாடச் சாப்பாடு. சில பாட்டில் நான்கு மாத்திரைக்கு ஒருமுறை கார்ட் மாறும். அங்கே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது ஸ எங்கே இருக்கிறது? கார்ட் புத்தகங்களில் நூறு பெயர் போட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் காதுக்குப் பழக்குங்கள். பேஸ் கிதார் என்ன ஸ்வரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். நம் ஊர் சினிமாப் பாட்டில் எல்லாரும் மெட்டைத்தான் கேட்போம். நீங்கள் ஒரு மாதம் மெட்டைக் கேட்காமல் பேஸை மட்டும் கேட்டு, அதை வாயால் பாடிப் பழகுங்கள். பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம். கூடவே தினம் இருபது நிமிஷம் கீபோர்டில் உட்காருங்கள், வாசிப்பதற்காக அல்ல, மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்திக் கேட்பதற்காக. வயலினில் மட்டுமே இருப்பவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் காதில் விழும்.

நொட்டேஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது படிப்பு, இசை இல்லை. ஹிந்தியோ மலையாளமோ எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, தினம் பதினைந்து நிமிஷம், முன்பின் பார்க்காத எட்டு வரி, மெதுவாக, நிறுத்தாமல். தப்பு வந்தாலும் நிறுத்தக்கூடாது, ஏனென்றால் உங்களுக்காக வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள். மெட்ரோனோம் 60இல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. கேட்ட உடனே பிடித்துவிடும் காது உங்களுக்கு இருக்கிறது, இரண்டாம் முறை வாசிக்கும்போது கண் தாளில் இருக்கும், கை காதால் வாசித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரு பக்கத்தை இரண்டு முறைக்கு மேல் வாசிக்காதீர்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். வோல்ஃபார்ட்டின் அறுபது பயிற்சிகள், அதன்பின் எப்போதோ குரோய்ட்சரின் நாற்பத்திரண்டு. இவை நம் சரளி, ஜண்டை மாதிரி உலகம் முழுக்க வயலின் மாணவர்கள் வாசிக்கிறவை. சேர்ந்திசை வரிசையில் உட்கார வேண்டும் என்றால் வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு தேர்வு எழுதலாமா என்று பலர் கேட்பார்கள், நீங்களும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். எழுதலாம். வயது வரம்பு கிடையாது, எட்டு கிரேடையும் ஒவ்வொன்றாக ஏறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு கிரேடுக்கு மூன்று உருப்படி என்று அந்த மூன்றை மட்டும் வருஷம் முழுக்க வாசிக்கிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் கிரேடு சான்றிதழ் இருக்கும், நான்காவது பாட்டைக் கொடுத்தால் கை நிற்கும். பரீட்சைக்காக வேகம் கூட்டாதீர்கள்.

எனக்குக் கார்ட் புரிந்தது ஒரு சர்ச்சில். எங்கள் தெருவில் இருந்த ஒரு கொயர் மாஸ்டர், அதாவது சர்ச் பாடகர் குழுவின் ஆசிரியர், ஸ்டுடியோ கதையைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து டெனர் வரிசையில நில்லுப்பா" என்றார். டெனர் என்பது ஆண்களின் உயர்ந்த குரல். வயலின் வேண்டாம், பாட வேண்டும். அவர்கள் கையில் இருந்த புத்தகத்தில் ஐந்து கோடு இல்லை, டோ ரே மீ என்பதன் எழுத்துக்கள்தான். டானிக் சோல்ஃபா என்பார்கள். இங்கிலாந்தில் ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை, மிஷனரிகளோடு நம் ஊர்ச் சபைகளுக்கு வந்தது. அதில் டோ என்பது எந்தச் சுருதிக்கும் நகரும், அப்படியே நம் ஸ மாதிரி. அதனால் ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டேன். பாடத்தான் முடியவில்லை. மெட்டு, பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ வரிசையில் போகிறது. எனக்குக் கொடுத்த டெனர் வரியில் பாதி நேரம் ஒரே ஸ்வரம், அதில் பாட்டே இல்லை. நான்காம் வாரம் ஓரிடத்தில் நான் ஒரு நிஷாதத்தைப் பிடித்து நிற்க, எனக்குக் கீழே பேஸ் பாடியவர்கள் ஒரு படி இறங்கினார்கள். என் நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்தது. நான் அசையவே இல்லை, என் ஸ்வரத்தின் அர்த்தத்தை மற்றவர்கள் மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் தனி வயலின் வாசித்தவனுக்கு அது புரிய ஒரு மனிதக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் நல்ல கொயர் உள்ள சபைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். மதம் எனக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

ஜாஸ் பற்றி. முதல் ஒன்றரை வருஷம் அதைக் கேட்க மட்டும் செய்யுங்கள், வாசிக்க அவசரப்படாதீர்கள். கற்பனை ஸ்வரம் வாசிக்கிறவர்களுக்கு ஜாஸ் சுலபம் என்று சொல்லுவார்கள். பாதிதான் உண்மை. அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிற மனோதர்மம் உண்டு, சக கலைஞரோடு சம்பாஷணை உண்டு, குருவின் வாசிப்பைக் காதால் கேட்டு அப்படியே இறக்குகிற பாடமுறையும் உண்டு. இதெல்லாம் நம்முடையது போலத்தான். ஆனால் நகர்கிற தரையின் மேல் மனோதர்மம் செய்ய வேண்டும். பன்னிரண்டு பார் புளூஸில் தொடங்குங்கள். மூன்றே கார்ட், பன்னிரண்டு பார் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை ஓர் ஆவர்த்தனமாக, தாளத்தின் ஒரு முழுச் சுற்றாக, நினைத்துக்கொண்டால் உங்களுக்கு எடுப்பு தவறாது. தாளத்திலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். நம் ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையில் முதல் அடிதான் தட்டு, மற்ற மூன்றும் விரல் எண்ணிக்கை. அங்கே கனம் இரண்டிலும் நான்கிலும் விழும். கை தட்டி நடந்து பழகாமல் வயலினை எடுக்காதீர்கள். வயலினுக்கு ஸ்டெஃபான் கிராப்பெல்லியைக் கேளுங்கள். பாரிஸில் 1934இல் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடு சேர்ந்து தொடங்கிய குழுவில் டிரம்ஸ் கிடையாது, கம்பி வாத்தியங்கள் மட்டும்தான், அதனால் வயலின் என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேட்கும். அதே கிராப்பெல்லியோடு 1984இல் நம் எல். சுப்ரமணியம் ஒரு ஆல்பம் செய்திருக்கிறார். இரண்டு வயலின், இரண்டு பள்ளிக்கூடம். வில் எடுக்கிற விதத்தை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள்.

ஃபியூஷன் என்ற பெயரில் இன்று மேடையில் நடக்கிறதில் பலவும் எனக்கு வருத்தம் தருகிறது. நம் வர்ணத்தை அப்படியே வாசித்து, அடியில் டிரம்ஸும் இரண்டு கார்டும் போட்டால் இரண்டு பேர் ஒரே அறையில் தனித்தனியாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது. எழுபதுகளில் சக்தி குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டவர். அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த மனிதர். ஆரம்ப மாணவனாக உட்கார்ந்தார். பிறகுதான் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு மேடை ஏறினார். அந்த இசை இன்றும் நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நீங்களும் மேற்கத்திய வகுப்புக்குப் போகும்போது "பன்னிரண்டு வருஷ அனுபவம்" என்று சொல்லாதீர்கள். திறந்த கம்பியில் வில் இழுக்கச் சொன்னால் இழுங்கள். பக்கத்தில் எட்டு வயதுக் குழந்தை உங்களைவிட நன்றாக இழுக்கும். பரவாயில்லை.

வயது பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். இளையராஜா இருபது வயதைத் தாண்டிச் சென்னைக்கு வந்தபிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். உலக மேடையில் மேற்கத்திய தனி வயலின் கலைஞர் ஆவதற்கு 24 தாமதம்தான், அதை மறைக்க மாட்டேன். அவர்கள் ஐந்து வயதில் தொடங்குகிறார்கள். நீங்கள் கேட்பது அது இல்லை.

இன்னொன்று. நீங்கள் தஞ்சாவூர்க்காரர். உங்கள் மடியில் இருக்கும் இந்த வாத்தியமே வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் படித்தார். சென்னைக் கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார், நாம் இன்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நொட்டுஸ்வரங்கள் அவைதான். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். உங்கள் ஊரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்டபோது அவருக்கு மேற்கத்திய இசையும் தெரிந்திருந்தது. தேவாரமும் சுருதிக் கணக்கும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. உங்கள் ஆசை உங்கள் ஊருக்குப் புதிது இல்லை.

கடைசியாக, வாத்தியாருக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன், எட்டு மாதம் மறைத்தேன். அவருக்குத் தெரிந்தது வேறு யாரும் சொல்லி அல்ல. ஒரு நாள் பைரவி அட தாள வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தபோது நிறுத்தி, "சுண்டுவிரல் எப்போ பேச ஆரம்பிச்சுது?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "சரி, அங்க கத்துண்டதை வாசி, கேக்கறேன்" என்றார்.

என்னிடம் அப்போது இருந்தது ஜி மேஜரில் ஒரு சின்ன மினுவெட், ஆரம்ப மாணவர்கள் எல்லாரும் வாசிப்பது. அவர் எழுந்து போய்ச் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி-க்கு, வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் பாதி சரியாகப் போயிற்று. "சங்கராபரணம்தானே" என்று தலையாட்டினார். இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் அவர் கை நின்றது. சுருதிப் பெட்டிக்கும் என் ஸ்வரத்துக்கும் சண்டை. சங்கராபரணத்தில் வருவது சுத்த மத்திமம். அதற்கு அரை ஸ்வரம் மேலே இருப்பது பிரதி மத்திமம், அது கல்யாணியில் வரும்.

"சங்கராபரணத்துல பிரதி மத்திமம் எப்படி வந்தது? கல்யாணியா?"

எனக்குத் தெரியவில்லை. தாளில் அப்படிப் போட்டிருக்கிறது என்றேன்.

"இப்போ ஸ எங்க இருக்கு?"

அதற்கும் தெரியவில்லை. அவர் சுருதிப் பெட்டியை நிறுத்தினார். "ஸ எங்க இருக்குன்னு தெரியாம ஒண்ணை வாசிக்காதே. தெரிஞ்சுண்டு வந்து எனக்கும் சொல்லு" என்றார்.

எனக்கு விடை கிடைக்க அந்த சர்ச் வரிசையில் பல மாதம் நிற்க வேண்டியிருந்தது. அது பிரதி மத்திமமே இல்லை. அந்த இடத்தில் பாட்டு ஜி-யை விட்டுவிட்டு டி-க்குக் குடிபோயிருக்கிறது. பழைய பஞ்சமம் இப்போது ஸ. எங்கள் காதுக்குப் பிரதி மத்திமமாகத் தெரிந்தது அந்தப் புதிய ஸவுக்கு அரை ஸ்வரம் கீழே உள்ள காகலி நிஷாதம். போய்ச் சொன்னேன். வாத்தியார் சுருதிப் பெட்டியை மறுபடி ஜி-க்கு வைத்து வாசிக்கச் சொன்னார். அந்த இடம் வந்தபோது அவரே கையை நீட்டி டி-க்கு மாற்றினார், சில மாத்திரை கழித்து ஜி-க்குத் திரும்பினார். நான்கு முறை அப்படியே வாசிக்க வைத்தார்.

உங்கள் வாத்தியாரிடம் போகும்போது வயலினை எடுத்துக்கொண்டு போங்கள். பேசுவதற்கு முன் அவர் கற்றுக்கொடுத்த வர்ணம் ஒன்றை இரண்டு வேகத்திலும் சுத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு சி, எஃப், ஜி என்று நான் மேலே சொன்னதை கீபோர்டோ, போனில் பதிவு செய்த கார்டோ வைத்து அவர் முன்னால் இழுத்துக் காட்டுங்கள். ஒரே ஸ்வரம்தான் என்று விரலை அவரிடம் காட்டுங்கள். கச்சேரிக்கு முந்தைய பத்து நாள் இரண்டாவது வயலினைத் தொட மாட்டேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். அவர் அப்போதும் வேண்டாம் என்றால் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு யோசிப்போம்.